ஒரே பண்டம், ஊருக்கொரு விலை



நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய தம்பி கத்தார் நாட்டில் கட்டட வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறையில், தங்குமிடத்தில் அமர்ந்து கணினியில் வீடியோ விளையாட்டு ஆடுவது அவருக்குள்ள ஒரே பொழுதுபோக்கு. அந்த விளையாட்டுகளை இணையக் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும். அங்கே ஒரு விலை. குளச்சலில் இருந்து வாங்கினால் அதனினும் குறைந்த விலை. ஆகவே அவர் தம் அக்காள் மகனிடம், "உன் கணக்கில் நீ வாங்கு, கடவுச்சொல்லை எனக்குச் சொல், பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன்" என்று கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தயக்கம். "இது களவாகுமா, சாமி?" என்று தாய் கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அவரே இன்னொன்றையும் கேட்டார்: "ஒரே சாமானை ஆளுக்கொரு விலைக்கு விற்கிறவனை விட்டுவிட்டு, வாங்குகிறவனை மட்டும் குற்றஞ்சொல்லலாமா?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

அதற்கு முன் ஒரு சொல். பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவற்றைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அத்தகைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது; அதுபற்றி நமக்கு வருத்தம் ஏதுமில்லை. நாம் பேசுவது, நூலொன்றை வாங்குவதுபோல் ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, வேண்டும்போது ஆடும் விளையாட்டுகளைப் பற்றியே. 'விளையாட்டு' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் பெற்றோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதே கணக்கு உங்கள் பிள்ளையின் பாடநூலிலும் இருப்பதைப் பின்னர் காண்பீர்கள்.

இணைய விளையாட்டுக் கடைகளில் பெரியது ஸ்டீம் என்பது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வால்வ் என்னும் நிறுவனம் 2003-இல் அதைத் தொடங்கிற்று. 2015 நவம்பர் வரை நம் நாட்டார் அதில் டாலரிலேயே வாங்க வேண்டியிருந்தது. அம்மாதத்தில்தான் ரூபாய் விலை வந்தது. விலையை முடிவு செய்வது கடைக்காரர் அல்லர். விளையாட்டைச் செய்தவர் அல்லது அதை வெளியிடும் நிறுவனம். கடை ஒரு பரிந்துரைப் பட்டியலைத் தருகிறது: அமெரிக்காவில் இத்தனை டாலர் என்றால் இந்தியாவில் இத்தனை ரூபாய் வைக்கலாம் என்று. அதை ஏற்பதும் தள்ளுவதும் செய்தவரின் விருப்பம். விற்ற தொகையில் பொதுவாக நூற்றுக்கு முப்பது கடையைச் சேரும்.

ஸ்டார்டியூ வேலி என்றொரு விளையாட்டு உண்டு. எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர் நான்காண்டுகளுக்கு மேல் தனியாளாக உழைத்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. பாட்டனார் விட்டுச்சென்ற பாழடைந்த தோட்டத்தைத் திருத்திப் பயிரிடுவதுதான் ஆட்டம். நாஞ்சில் நாட்டு விவசாயி இதைக் கண்டால், 'வயலில் படுவது போதாதென்று இதிலுமா?' என்று கேட்கக்கூடும்! அமெரிக்காவில் இதன் விலை 14.99 டாலர், வெளிவந்த ஆண்டின் மாற்று விகிதத்தில் ஆயிரம் ரூபாய். ஆனால் ஸ்டீமில் இதன் இந்திய விலை 480 ரூபாய் என்றிருந்தது. அதிலும் நம் நாட்டு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு அடக்கம். அமெரிக்காவிலோ வரி பெரும்பாலும் விலைக்கு மேல் தனியாக வரும்.

எல்லாரும் இவ்வாறு செய்வதில்லை. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது சோனி நிறுவனம் தன் பெரிய விளையாட்டுகளை அமெரிக்காவில் 69.99 டாலருக்கும் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கும் விற்றது. வகுத்துப் பாருங்கள்: ஒரு டாலருக்கு 71 ரூபாய். அப்போது சந்தையில் டாலர் ஏறத்தாழ 74 ரூபாய். ஆக, டாலர் விலையை ரூபாயில் மாற்றி எழுதினார்கள், அவ்வளவே.

இவ்விரண்டில் எது நியாயமான விலை? 'டாலரை ரூபாயாக மாற்றி எழுதுவதுதானே எல்லாருக்கும் ஒரே விலை, அதுதானே சமத்துவம்?' என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் நேர்மையானதுபோல் தோன்றும். ஆனால் மாற்று விகிதம் என்பது வங்கியில் ஒரு நாணயத்துக்கு மற்றொரு நாணயம் எத்தனை கிடைக்கும் என்பதைச் சொல்லுமே தவிர, அந்த நாணயம் அதன் சொந்த மண்ணில் என்ன வாங்கும் என்பதைச் சொல்லாது. உலக வங்கி 2020-இல் வெளியிட்ட ஒப்பீட்டுக் கணக்கின்படி, 2017-இல் சந்தையில் ஒரு டாலருக்கு 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருள்களையும் பணிகளையும் இந்தியாவில் வாங்குவதற்கு 20.65 ரூபாய் போதுமானதாக இருந்தது. மூன்றில் ஒரு பங்கும் இல்லை!

இந்த உண்மையை முதன்முதலில் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் ஒரு குரு என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம். ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியைச் சேர்ந்த மார்ட்டின் தெ அஸ்பில்குவேட்டா அவர். சலமான்காவிலும் கோயிம்பிராவிலும் திருச்சபைச் சட்டம் போதித்தவர். அமெரிக்கக் கண்டத்துப் பொன்னும் வெள்ளியும் ஸ்பெயினில் வந்து குவிந்த காலத்தில், வணிகரின் நாணய மாற்றத்தில் எது தகும், எது வட்டிப் பாவமாகும் என்று ஆராய்ந்து 1556-இல் ஒரு நூல் வெளியிட்டார். பணம் அரிதாயுள்ள நாட்டில் அப்பமும் திராட்சை இரசமும் துணியும், ஏன், மனிதரின் உழைப்புங்கூட, பணம் மலிந்த நாட்டைவிடக் குறைந்த காசுக்குக் கிடைக்கின்றன என்பதை அதில் சுட்டிக்காட்டினார். பிரான்சையும் ஸ்பெயினையும் ஒப்பிட்டே இதைச் சொன்னார். இவர் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். 1544-இல் நமது திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் வழங்கிய புனித சவேரியாரின் தாயார் மரியா தெ அஸ்பில்குவேட்டா, இவருடைய குடும்பத்தவரே. உறவினர் ஒருவர் ஏட்டில் எழுதியதை, மற்றவர் இக்கரையில் ஒரு பணத்துக்கு எத்தனை மீன் கிடைத்தது என்று கண்ணாரக் கண்டிருப்பார்!

நாணயம் மாறும் எல்லையோரம் வாழ்ந்த பழக்கம் நம் முன்னோர்க்கும் உண்டு. திருவிதாங்கூர் மன்னராட்சியில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் புழங்கிய பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். அரைச் சக்கரம், எட்டே காசு. ஆயினும் கணக்குப் பார்த்து வாழ்ந்த வீட்டில் எட்டுக் காசும் காசுதான். அன்று எல்லையின் இருபுறத்தாரும் ஏறக்குறைய ஒரே கூலி வாங்கி ஒரே அரிசி தின்றவர்கள். எனவே அரைச் சக்கர வேறுபாட்டோடு கணக்கு முடிந்தது. இன்று ஒரே கடையில் முன்பின் நிற்கும் இருவருக்கிடையே கடல்கள் இருக்கின்றன. கூலியிலும் அத்தனை தூரம் இருக்கிறது.

ஆகவே விலையை நாணயத்தால் அளவிடாமல் உழைப்பால் அளந்து பார்ப்போம். அமெரிக்காவில் நடுவண் அரசு வரையறுத்த குறைந்தபட்சக் கூலி, 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலர். அக்கூலி பெறும் ஒருவர் 70 டாலர் விளையாட்டை வாங்கப் பத்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக உழைத்தால் போதும். நம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2024-25-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அக்கூலியில் 4,999 ரூபாய் சேர ஏறத்தாழ பதினாறு நாட்கள் வேண்டும். அங்கே ஒரு நாள் உழைப்பு. இங்கே பதினாறு நாள் உழைப்பு. இதற்குச் 'சமவிலை' என்று பெயர்! 480 ரூபாய் விளையாட்டுக்கு இங்கே ஒன்றரை நாள் உழைப்பு. அங்கே அதே விளையாட்டுக்கு இரண்டு மணி நேரம். இதிலும் நாமே அதிகம் கொடுக்கிறோம். ஆயினும் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்கு ஒரு தடை எழுப்புவதுபோல் தோன்றும். குருமடத்தில் அவரைக் கற்றவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். விற்றலிலும் வாங்கலிலும் நேரும் அநீதியைப் பற்றிய வினாவில் அவர், வாங்குபவனுக்குப் பொருள் மிக அவசியம் என்பதற்காக மட்டும், அதை விட்டுக்கொடுப்பதால் தனக்கு இழப்பேதும் இல்லாத நிலையில், விற்பவன் விலையை ஏற்றுதல் தகாது என்கிறார். அந்த அவசியம் வாங்குபவனுடைய நிலையினின்று எழுவது. தனக்குச் சொந்தமல்லாத ஒன்றை ஒருவன் விற்கலாகாது. அப்படியானால், 'நீ கத்தாரில் இருக்கிறாய், ஆகவே அதிகம் கொடு' என்பதும், வாங்குபவனுடைய நிலையை விற்பதாகாதா?

நமது எண்ணத்தில், பண்டத்தின் தன்மை இங்கே வேறுபடுகிறது. ஒரு படி நெல்லை ஒருவருக்கு விற்றால் மற்றவருக்கு ஒரு படி குறையும். கணினி விளையாட்டு அப்படியன்று. செலவெல்லாம் முதற்பிரதியைச் செய்து முடிப்பதில்தான்; அதன்பின் ஆயிரமாவது பிரதிக்கும் இலட்சமாவது பிரதிக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். அந்த முதற்செலவை உலகெங்குமுள்ள வாங்குவோர் எல்லாருமாகப் பகிர்ந்து சுமக்கிறார்கள். எனவே 'இப்பிரதியின் அடக்கவிலை என்ன?' என்பது இங்கே கேள்வியன்று. 'யார் எவ்வளவு சுமப்பது?' என்பதே கேள்வி. ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரிப்பவர்கள் இதை நன்கறிவார்கள். விசைப்படகுக்காரருக்கு ஒரு தொகை, வள்ளக்காரருக்கு ஒரு தொகை, கட்டுமரக்காரருக்கு ஒரு தொகை. கொடிமரம் எல்லாருக்கும் ஒன்றே. கட்டுமரக்காரருக்குத் தொகை குறைந்ததால் விசைப்படகுக்காரர் ஏமாற்றப்பட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இதைத் தருமம் என்று எண்ணிவிட வேண்டாம். குறைத்து விற்பவர் நம்மீது இரக்கங்கொண்டு விற்கவில்லை. ஆயிரம் ரூபாய் என்றால் வாங்காமல் விடுபவர், அல்லது திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்பவர், 480 என்றால் வாங்குவார். பிரதி எடுக்கச் செலவில்லாததால் வந்தது எல்லாம் வரவே. ஆகவே குனிந்து கும்பிட்டு வாங்க வேண்டிய சலுகையுமன்று இது. இரு தரப்பாருக்கும் நன்மையான ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அர்ஜென்டினாவும் துருக்கியும் சான்று. அவ்விரு நாட்டு நாணயங்களும் சில ஆண்டுகளில் சரிந்து விழுந்தன. அர்ஜென்டினாவில் 2023-ஆம் ஆண்டின் விலைவாசி உயர்வு மட்டும் 200 விழுக்காட்டைத் தாண்டியது. பெசோவில் எழுதியிருந்த விளையாட்டு விலைகள் டாலர் கணக்கில் சில்லறைக் காசாகச் சுருங்கின. இது வெளியுலகுக்குத் தெரிந்ததும், செல்வ நாடுகளில் அமர்ந்திருந்தவர்கள், இணையத்தில் தம் இருப்பிடத்தை மறைத்துக் காட்டும் வி.பி.என். என்னும் வழியால், தாங்கள் புவனோஸ் ஐரிஸில் வாழ்வதாகக் காட்டி வாங்கத் தலைப்பட்டனர். 2021-இல் ஸ்டீம், மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கணக்கின் நாட்டை மாற்ற இயலாதென விதித்தது. 2022 அக்டோபரில் பரிந்துரைப் பட்டியலைத் திருத்தியபோது இவ்விரு நாடுகளுக்குமான விலைகள் ஐந்து மடங்குக்கு மேல் ஏறின. 2023 நவம்பர் 20 முதல் பெசோவும் லிராவும் கடையிலிருந்தே நீக்கப்பட்டு, அந்நாட்டார் டாலரில் வாங்க வேண்டியதாயிற்று. அவ்வட்டாரங்களுக்கென்று தனியாகக் குறைந்த டாலர் விலை வைக்க இடமளித்தது உண்மையே. வைப்பதும் வைக்காததும் விற்பவர் விருப்பம். நிறுவனம் கூறிய காரணம், நாணயம் நிலையில்லாததால் விலை வைக்க முடியவில்லை என்பது. அது பொய்யன்று. ஆயினும் பல வெளியீட்டாளர்கள் அதற்கு முன்பே அங்கே விலையை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பொய் முகவரியில் வந்து வாங்கிய கூட்டமும் அதற்கொரு காரணம் என்பது நமது துணிபு. அந்தக் கூட்டம் வேறிடம் தேடிப் போய்விட்டது. புவனோஸ் ஐரிஸில் உண்மையாகவே வாழும் பிள்ளைதான், பெசோவில் கூலி வாங்கும் தகப்பனிடம் டாலர் கேட்டு நிற்கிறான்.

முன்னர் சொன்ன பாடநூலுக்கு வருவோம். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய அயல்நாட்டு நூல்கள் சிலவற்றின் அட்டையைப் பாருங்கள். இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டுமே விற்பனைக்கு என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்காவில் பல மடங்கு விலைக்கு விற்கும் அதே நூலை, தாளைச் சற்று மட்டமாக்கி நமக்குக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அமெரிக்காவில் படிக்கச் சென்ற தாய்லாந்து மாணவர் ஒருவர், தம் நாட்டில் மலிவாகக் கிடைத்த ஜான் வைலி நிறுவனத்தின் நூல்களை உறவினரை வாங்கி அனுப்பச் சொல்லி, அமெரிக்காவில் விற்று ஆதாயம் பார்த்தார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது: முறையாக வாங்கிய நூலை வாங்கியவர் விற்கலாம், அது எந்நாட்டில் அச்சாகியிருந்தாலும். சட்டப்படி அது சரியே; வாங்கிய நூல் வாங்கியவனுடையது. ஆனால் மலிவு நூலெல்லாம் கப்பலேறித் திரும்பி வருமானால், எந்தப் பதிப்பகம் அதை மலிவாக அச்சிடும்? அம்மாணவருடைய ஆதாயத்தின் மறுபக்கத்தில் பாங்காக்கிலும் நாகர்கோவிலிலும் படிக்கும் பிள்ளைகள் நின்றார்கள்.

எல்லை கட்டுவோரெல்லாம் ஏழைக்காகக் கட்டுகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. போலந்து, செக், ருமேனியா முதலிய நாடுகளில் மலிவாக விற்ற விளையாட்டுகளை, ஒன்றியத்தின் பிற நாடுகளில் இயங்காதவாறு பூட்டி வைத்தார்கள் என்பது குற்றம். வால்வ் மேல்முறையீடு செய்தது. 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒரே சந்தை என்று உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளுக்குள் இப்படிச் சுவர் எழுப்புவது, அதிக விலையைக் காப்பதற்கே அன்றி வேறெதற்குமில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஓரிடத்தில் ஏழையைக் காக்கும் அதே வேலி, மற்றோரிடத்தில் இலாபத்தைக் காக்கும் மதிலாகலாம்.

நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் நேர்ந்ததையும் ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். அந்நாட்டார்க்கு ஸ்டீம் கடையில் சொந்த நாணயத்தில் விலை இல்லை. தெற்காசியாவுக்கெனக் குறித்த டாலர் விலையிலேயே வாங்குகிறார்கள். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். அவ்வாண்டு மே மாதத்தில் 360. எந்த விற்பனையாளரும் விலையைத் தொடவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பையனுக்கு எல்லா விளையாட்டுகளின் விலையும் இரண்டே மாதங்களில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. பாலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு விளையாட்டு ஒரு பொருட்டா என்பீர்கள். பொருட்டன்றுதான். ஆயினும் விலை எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்பதே ஒரு நீதி என்பதை இது காட்டுகிறது. ரூபாயில் எழுதிய விலையில், நாணயம் சரிந்தால் முதலில் விற்பவர் தாங்குவார். டாலரில் எழுதிய விலையில், வாங்குபவர் அன்றே தாங்க வேண்டும்.

இப்போது கத்தாரில் இருக்கும் தாய்மாமனிடம் வருவோம்.

அவருடைய குறையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கத்தார் அரசு 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்திய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் உணவும் முதலாளி தராவிட்டால் அதற்குத் தனிப்படி. ரியால் நெடுங்காலமாக டாலருக்கு 3.64 என்று கட்டப்பட்டுள்ளது. 70 டாலர் விளையாட்டை அப்படியே மாற்றினால் 255 ரியால்: குறைந்தபட்சச் சம்பளக்காரரின் ஒரு மாத வரவில் காற்பங்குக்கு மேல்! தோஹாவில் மாளிகையில் வாழ்பவருக்கும், அந்த மாளிகையைக் கட்டிய நம் பங்குப் பிள்ளைக்கும் ஒரே விலை. இங்கே சென்னையில் இரண்டு கார் வைத்திருப்பவருக்கோ, நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகனுக்கு உரிய அதே குறைந்த விலை. நாட்டைப் பார்த்து விலை வைப்பது, சட்டை அளவைக் கேட்காமல் ஊர்ப் பெயரைக் கேட்டுச் சட்டை தைப்பது போன்றது. பெரும்பாலோருக்குப் பொருந்தும், வெளிநாட்டில் வேர்வை சிந்தும் நம்மவர் போன்றோருக்குப் பொருந்தாது. விற்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆளுக்கு ஆள் வருமானச் சான்று கேட்க அவர்களுக்கு வழியில்லை, வழியிருந்தாலும் அதை நாம் விரும்பமாட்டோம். ஆகவே தாய்மாமனுக்கு நேர்வது அநீதியே. ஆனால் யாரும் அவரைக் குறிவைத்துச் செய்த அநீதியன்று.

அந்த அநீதிக்கு அவர் கேட்கும் மாற்று சரியா? களவா என்று கேட்ட தாய்க்கு நமது விடை: பணம் கொடுத்து வாங்குவதால் களவு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது பொய். கடையில் கணக்குத் தொடங்கும்போதே, கணக்கைப் பிறருக்குக் கொடுப்பதில்லை என்றும், வேறோர் இடத்து விலையைப் பெறுவதற்காக இருப்பிடத்தை மறைப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகிறோம். யாரும் படிக்காமல் 'சரி' என்று அழுத்தும் உடன்பாடுதான், எனினும் உடன்பாடு. அதை மீறுவது தெரிந்தால் கணக்கை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நிறுத்தினால், அந்த ஒரு விளையாட்டோடு போகாது, மருமகன் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய அத்தனையும் போகும். மாமன் மிச்சம் பிடிக்கும் தொகைக்கு மருமகனுடைய சேமிப்பு பணயமாகிறது. அந்தப் பையன் தயங்கியது சரியே. அந்தத் தயக்கத்தை அவனுடைய தாய் கலைத்துவிடாதிருக்க வேண்டும்.

பரிசாக வாங்கி அனுப்பலாமே என்றால், இரு நாட்டு விலைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கும்போது கடை அதை ஏற்பதில்லை. 2017 முதலே இவ்விதி இருக்கிறது.

தாய்மாமனுக்குத் திறந்துள்ள வழிகள் வேறு. கடையில் ஆண்டுக்குச் சிலமுறை பருவகாலத் தள்ளுபடி வரும். ஓரிரு ஆண்டு பழகிய விளையாட்டுகள் அப்போது பாதி விலைக்கும், சில அதற்குக் கீழும் கிடைக்கும். வந்த அன்றே வாங்க வேண்டுமென்ற அவசரத்துக்குத்தான் முழு விலை. வாங்கிய பின் பிடிக்கவில்லையென்றால், பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். கத்தார் விலை தகாததென்று தோன்றினால், அதைச் செய்தவருக்கே எழுதலாம். விலை வைப்பது அவர் கையில் என்று முன்னர் கூறினோம். ஒற்றை ஆளாகவும் நாலைந்து பேராகவும் விளையாட்டுச் செய்பவர்கள் வாங்குவோரின் கடிதத்தைப் படிப்பவர்கள். எந்நாட்டில் என்ன கூலி என்று அவர்களுக்குச் சொல்ல, அங்கே உழைப்பவரைவிடத் தகுந்தவர் யார்?

ஒப்பந்தம் முடிந்து அவர் குளச்சலுக்கே திரும்பிவிட்டால், அப்போது தம் கணக்கின் நாட்டை இந்தியாவாக மாற்றிக்கொள்வதில் எவ்விதக் குற்றமுமில்லை. இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்தோ யு.பி.ஐ. வழியாகவோ ஒருமுறை பணம் செலுத்தி வாங்கினால், கடையும் அவரை இவ்வூரார் என்று ஏற்றுக்கொள்ளும். அங்கே வாங்கியவை பொதுவாக அவருடைய கணக்கிலேயே இருக்கும். மகன் வளைகுடாவுக்கு வேலைக்குப் புறப்படும் வீடுகளில் இதே விதி எதிர்த்திசையிலும் செல்லும்: அங்கே குடியேறியபின் அவனுக்குரிய விலை திர்ஹத்திலோ ரியாலிலோதான்.